பாட்டு போடாத ஆட்டோ

எங்கள் குப்பத்து ஆண்களுக்கு உலக சினிமா என்றால் உயிர். என் மனைவிக்கு சினிமாவே ஆகாது. இந்த இரண்டையும் ஆறு வருடம் நம்பினேன். மனதுக்குள் நம்பியிருந்தால் பரவாயில்லை. கேரளாவிலிருந்து படத்தோடு வந்திருந்த ஓர் இயக்குநரிடம், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க ஊர்ல படம் முடிஞ்சி பேரு ஓடும் பாருங்க சார், கடைசிப் பேரு போறவரைக்கும் ஒருத்தர் எழுந்திரிக்க மாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொற்று மாதிரி எனக்கும் கலங்கியது. இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவேண்டும். கொட்டாவிதான் வருகிறது. நாற்பத்தொன்பது வயதில் சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

நான் இந்தக் குப்பத்துக்காரன் இல்லை. பிறந்தது, வளர்ந்தது, அடி வாங்கியது எல்லாம் வியாசர்பாடி எம்.கே.பி. நகரில். கல்யாணமானதும், மனைவி வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது, வேறு இடம் கிடைக்கும்வரை இருக்கலாம் என்று வந்தேன். இருபது வருடமாக வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கடலுக்கும் டிரெய்லர் லாரி வரிசைக்கும் இடையில் இடுங்கிக் கிடக்கும் மீனவர் குப்பம். ஊர் மொத்தமும் என்னை "மாப்ளே" என்றுதான் கூப்பிடும். 'நீ எங்கள் ஆள் இல்லை' என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

வேலை, கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். பெட்டி உள்ளே வந்தால் ஒரு கோடு, வெளியே போனால் ஒரு கோடு. நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று கிழித்தால் ஐந்து. இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்து, சோற்றில் கைவைத்தாலும் விரல் கோடு போடுகிறது.

விழாவை ஆரம்பித்தது கலை ஆர்வம் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது கால்வலி. எனக்கு ஒரு தோஸ்து உண்டு, வண்ணாரப்பேட்டையில் லைனிங் துணிக் கடை வைத்திருக்கும் பாய். நாங்கள் இருவரும் ஊரின் அந்தப் பக்கத்தில் நடக்கும் பெரிய திரைப்பட விழாவுக்கு வருடா வருடம் போவோம். இரண்டு மணி நேரம் வரிசை. உள்ளே போனால் சீட் இருக்காது, சுவரோரம் நிற்கவேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் டோல்கேட் வரை நிற்கவேண்டும். ஒரு முறை டோல்கேட்டில் இறங்கி முட்டியைப் பிடித்துக்கொண்டு தோஸ்து சொன்னான்.

"மாமு, நின்னுகினே போயி, நின்னுகினே பாத்து, நின்னுகினே வர்றோம். நாமளே ஒண்ணு வெச்சிக்கினா ஒக்காந்தாவது பாக்கலாம்."

இப்படித்தான் ஆரம்பம். கல்யாண மண்டபத்தில் போட்டோ காட்டும் புரொஜெக்டர் ஒன்றைத் தோஸ்து எங்கிருந்தோ பிடித்துவந்தான். படங்கள் அங்கிருந்து இங்கிருந்து பென்டிரைவில் வந்தன. எல்லாம் தனியாட்கள் எடுத்தவை. செல்போனில் எடுத்தவை பாதி. கழிமுகத்தில் கலக்கும் சாம்பல், கதவடைத்த ஆலை, காலி செய்யச் சொன்ன தெரு. எதற்கும் தணிக்கைச் சான்றிதழ் கிடையாது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டார்கள் என்று தோஸ்து சொன்னான். கேட்டால் நம் விலாசம் தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். "இதுக்குப் பேருதான் அண்டர்கிரவுண்ட் ஃபெஸ்டிவல்" என்றான் தோஸ்து. அந்தப் பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று அன்று சாயங்காலமே அவனிடம் சத்தியம் வாங்கினேன்.

இடம், குப்பத்து வலைக்கூடம். மழைக்காலத்தில் உட்கார்ந்து வலை பின்னுவதற்காகக் கட்டிய சிமெண்டுத் தரைக் கொட்டகை. காலம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகக்கூடாது. ஆண்கள் கரையில் சும்மா இருப்பார்கள், கூடமும் காலியாக இருக்கும். ஊர்த் தலைவரிடம் போய்க் கேட்டேன். "மத்தியானத்துல தானே, வெச்சிக்க மாப்ளே" என்றார். மாலையில் நடத்தினால் கொசு, பகலில் நடத்தினால் வெளிச்சம். வெளிச்சத்தை அடைக்கத் தோஸ்து கடையில் விற்காமல் கிடந்த கறுப்பு லைனிங் துணி மொத்தத்தையும் கொண்டுவந்து நாலு பக்கமும் கட்டினோம். சித்திரை வெயிலில், தகரத்துக்குக் கீழே, காற்று வர ஒரு ஓட்டை இல்லாமல். இருட்டு நன்றாக இருந்தது. இட்லிப் பானைக்குள்ளும் நல்ல இருட்டுதான்.

விளம்பரத்தைப் பற்றி நான் இரண்டு நாள் தூங்காமல் யோசித்தேன். சுவரொட்டி ஒட்டினால் போலீஸ் படிக்கும். நோட்டீஸ் கொடுத்தால் கையும் களவுமாக மாட்டுவோம். கடைசியில் மச்சானைக் கூப்பிட்டேன். மச்சான் என் மனைவியின் தம்பி, விசைப்படகுக்காரன். ஊருக்குச் சொந்தமான மைக் ஆட்டோவை ஓட்டுவதும் அவன்தான்.

"இதோ பாருடா. ஆட்டோவுல பாட்டு கீட்டு போடாதே. சினிமாங்கற வார்த்தையே வாய்ல வரக்கூடாது. 'நாளைக்கி மூணு மணிக்கி எல்லாரும் வலைக்கூடத்துக்கு வரணும்.' அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னே, ரெண்டு பேரும் உள்ள போயிடுவோம்."

மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பாட்டே வேணாமா மாமா?"

"வேணாம்."

"நெஜமாவே வேணாமா?"

"டேய், சொன்னத செய்யி."

மறுநாள் மூன்று மணிக்கு வாசலில் நோட்டோடு நின்றேன். பத்துப் பேர் வந்தால் சந்தோஷம், இருபது பேர் வந்தால் பயம் என்று கணக்கு வைத்திருந்தேன். நூற்றுப் பதினாறு பேர் வந்தார்கள். அத்தனையும் ஆண்கள். அத்தனை பேரும் மூன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னால். அரிச்சுவடி வகுப்புப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். தோஸ்து புரொஜெக்டர் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கினான். தொழுகிறானா சரணடைகிறானா தெரியவில்லை. எங்கோ வெகுதூரத்துக் குளிர் நாட்டில் ஒருவர் தன் அப்பாவின் சவப்பெட்டிக்காகப் பலகை தேடி அலையும் நாற்பது நிமிடப் படத்தை, வேர்த்து ஒழுக ஒழுக, நூற்றுப் பதினாறு பேரும் அசையாமல் பார்த்தார்கள். அன்று நான் ஊரைக் காதலிக்க ஆரம்பித்தேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வளர்ச்சிதான். இரண்டாம் தடைக்காலத்தில் இரண்டு நாள் நடத்தினோம். மூன்றாவதில் நான்கு நாள். நடுவில் ஊரெல்லாம் மூடிக்கிடந்த காலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெங்களூரிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, எங்கெங்கிருந்தோ தோளில் பையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் பெரிய நகரங்களில் படம் போட்டு மொத்தமே பதினேழு பேரைக் கண்டவர்கள். இங்கே கொட்டகை நிறைய ஆண்கள். மடியில் வலையை வைத்துக்கொண்டு, இருட்டில் தடவித் தடவி முடிச்சுப் போட்டபடி பார்ப்பார்கள். வசனம் இல்லாத படங்களில் அந்த முடிச்சு இழுபடும் சத்தம் மட்டும் கேட்கும். நிறைய பேர் தூங்கினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் எழுந்துபோக மாட்டார்கள். பெயர்கள் ஓடி முடிந்து திரை வெள்ளையான பிறகும் உட்கார்ந்திருப்பார்கள். முன்வரிசையிலிருந்து ஊர்த் தலைவர் எழுந்து "சரி, முடிஞ்சிது" என்று சொன்னால்தான் கலைவார்கள்.

படத்துக்குப் பிறகு கலந்துரையாடல் வைப்போம். "படத்தப் பத்தி யாராச்சும் பேசலாம்" என்று நான் சொல்வேன். ஒருவர் எழுந்து, கடைசித் தெருவில் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பார். இன்னொருவர், கால்வாய் மண்ணை வெட்டி அவர் வீட்டு வாசலிலேயே கொட்டியிருக்கிறார்கள் என்பார். பையோடு வந்தவர்கள் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். சினிமா மக்களின் வாழ்க்கைக்குள் இறங்கி அவர்களைப் பேசவைக்கிறது என்று பையோடு வந்த ஒரு பெண் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வாசலில் கருத்து எழுத ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒருவரும் கருத்து எழுதமாட்டார்கள். பெயர், அப்பா பெயர், தெரு. அவ்வளவுதான். அடக்கம் என்று நினைத்தேன்.

இவ்வளவு வெளிச்சமான உண்மை கண்ணில் படாததற்குக் காரணம், என் கண் முழுக்கப் போலீஸைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்றாம் வருடம், படம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டையை பேண்டுக்குள் விட்ட இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். பென்டிரைவ்களை அள்ளினேன். பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போக வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் அமுக்கினேன். தோஸ்து புரொஜெக்டரை அணைத்தான். கும்மிருட்டு. அதில் நான் உரத்த குரலில், "ஆக, வலைய எப்டி காய வெக்கணும்னா" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். நூறு மீனவர்களுக்கு வலை காயவைப்பது எப்படி என்று எம்.கே.பி. நகர்க்காரன் சொல்லிக்கொடுக்கிறான். ஒருவரும் சிரிக்கவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வந்த இருவரும் கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர்கள். மீட்டர் பெட்டி துணிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. பார்த்தார்கள், எழுதினார்கள், போனார்கள். அந்த வருடம் நாகர்கோவில்காரர் தன் பென்டிரைவை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த மாதிரி ஒவ்வொரு தடைக்காலமும் நான் செத்துப் பிழைத்தேன். பதினைந்து நாள் முன்னாலிருந்து சாப்பாடு இறங்காது. யார்டில் நாற்பது பெட்டி வந்தால் முப்பத்தெட்டுக் கோடு போடுவேன். சூப்பர்வைசர் இரண்டு பெட்டியைத் தேடி வெயிலில் அலைவார். வீட்டில் மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரு நாளும் கூடத்தின் பக்கம் வந்ததில்லை. சினிமா பிடிக்காது போல, எல்லாருக்கும் எல்லாம் பிடிக்குமா என்று நானே பெருந்தன்மையாக மன்னித்திருந்தேன்.

ஆறாவது வருடம் கடைசி நாள். வாசலில் நோட்டோடு நிற்கிறேன். முப்பது வயது ஆள் ஒருவர் வந்து, தன் பெயரை எழுதிவிட்டு, "எங்கண்ணன் பேருலயும் ஒண்ணு போட்டுக்க மாப்ளே. கால் ஒடைஞ்சி வூட்ல கீறான்" என்றார்.

"பரவால்லப்பா, கால் ஒடைஞ்சவரு படம் பாக்க வரலைன்னா இன்னா இப்ப."

"இன்னாவா? வராத வூட்டுப் பேர அடுத்த கூட்டத்துல மைக்ல படிப்பாங்க. அந்த அசிங்கத்துக்கு அவன் கட்டுப் போட்ட காலோடயே வந்துடுவான்."

அவருக்கு ஒரு கோடு, அண்ணனுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, நோட்டைத் தோஸ்து கையில் கொடுத்துவிட்டு, கரைக்கு நடந்தேன். மச்சான் படகின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், இவங்கள்லாம் ஏன்டா வர்றாங்க?"

அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "யாரு சொன்னது ஒனக்கு?"

"ஏன்டா வர்றாங்க?"

"மாமா, பாட்டு போட்டுகினு ஆட்டோ வந்தா கோயில் திருவிழா, கல்யாணம், கட்சி. இஷ்டம் இருந்தா போலாம். பாட்டு இல்லாம மைக்கு மட்டும் வந்தா ஊர்க்கூட்டம். வூட்டுக்கு ஒரு தலை வந்தே ஆவணும். இது இங்க கைக்கொழந்தைக்குக் கூட தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

"ஒனக்கு எப்டி தெரியும்? ஒன்ன என்னிக்கி கூட்டத்துக்குக் கூப்ட்டாங்க? நம்ம வூட்டுத் தல நானு."

"ஆறு வருசமா ஏன்டா சொல்லல?"

இப்போதுதான் சுரண்டியைக் கீழே வைத்தான். "மொத நாளே கேட்டனே. பாட்டே வேணாமான்னு ரெண்டு தபா கேட்டேன். அப்றம் வந்து பாத்தா, நீ வாசல்ல நின்னு கோடு போட்டுகினு அவ்ளோ சந்தோசமா கீற. போயி ஒடைக்க மனசு வரல மாமா."

பயந்துபோய் நான் சொன்ன மூன்று நிபந்தனைகளும்தான் அந்த ஊரில் கட்டாய அழைப்பின் இலக்கணம். பாட்டு இல்லை, காரணம் இல்லை, நேரமும் இடமும் மட்டும். வேறு எந்த ஊரிலும் இப்படிக் கூப்பிட்டால் நாய்கூட வந்திருக்காது. தெரிந்தே ஓர் ஊரைக் கட்டிவைத்துப் படம் காட்டியவன் கொடுங்கோலன். தெரியாமல் செய்தவனுக்கு என்ன பெயர் என்று தேடிப்பார்த்தேன், மாப்பிள்ளை என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

தலைவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"தடைக்காலத்துல ஆம்பளைங்க சும்மா கீறானுங்க மாப்ளே. சும்மா கீறவன் குடிப்பான். குடிச்சா அடிச்சிக்குவான். நீ படம் போட்டா தூங்கறான். எங்களுக்கும் ஊர் சமாச்சாரம் ரெண்டு பேச வசதியா இருந்துச்சி. நாங்க ஏன் வாணாம்னு சொல்லப்போறோம்?"

ஆறு வருடத்துப் பாராட்டுகளில் உண்மையானது இது ஒன்றுதான்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நானும் சோர்ந்து படுத்திருப்பேன். ஆனால் அடுத்த ஊர்க்கூட்டத்தில் சிலர் எழுந்து, சினிமாவுக்கெல்லாம் வீட்டுக்கு ஒரு தலை கட்டாயம் என்று போடுவது என்ன நியாயம் என்று கேட்டுவிட்டார்கள். வேறு சிலர், கூடத்தைப் பூட்டி எஞ்சின்களும் ஐஸ் பெட்டிகளும் வைக்கும் கிடங்காக மாற்றலாம் என்றார்கள். இரண்டும் நியாயமான பேச்சு. தலைவர் என்னைக் கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

"வர்ற தடைக்காலத்துல பாட்டு போட்டு கூப்டு. கட்டாயம் இல்லைன்னு ஓப்பனா சொல்லு. நூத்தி இருவது வூடு கீது. தானா அறுவது தலை வந்துச்சின்னா, வருசா வருசம் கூடம் ஒனக்கு. வரலைன்னா எஞ்சினுக்கு. நான் வாசல்ல ஒக்காந்து எண்ணுவேன்."

விழாவுக்கு வேறு இடம் கிடையாது. நாங்கள் கேட்காத மண்டபம் இல்லை. சான்றிதழ் இல்லாத படம் என்றதும், பேசிக்கொண்டே கதவை நோக்கி நடத்திவிடுவார்கள். கூடம் போனால் விழா போச்சு. தோஸ்திடம் சொன்னேன். "அறுவதா? மாமு, என் கடைக்கே அறுவது பேரு ரம்ஜானுக்குதான் வருவாங்க" என்றான். பிறகு கறுப்புத் துணியை மடித்துக்கொண்டே, "இந்த வாட்டி மொத வரிசையில நாம ரெண்டு பேரும் கால நீட்டி ஒக்காந்து பாக்கலாம். அதுக்குதானே ஆரம்பிச்சோம்" என்றான். அவன் நக்கல் எப்போதும் இப்படித்தான், பாதியில் உண்மையாகிவிடும்.

எனக்கு ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. முதல்முறையாகப் போலீஸைப் பற்றிய பயம் அறவே இல்லை. அந்த இடத்தில் காலி நாற்காலியைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் தரையில்தான் உட்காருவோம், நாற்காலியே கிடையாது. ஆனாலும் கனவில் நாற்காலிகள் வந்தன.

விழாவுக்கு முதல் நாள் காலை மச்சான் வந்தான். "மாமா, ஒரு ஐடியா. பாட்டுப் பொட்டி ஒயர லேசா புடுங்கி வுட்டுடறேன். பாட்டு வராது. மைக்கு மட்டும் வேலை செய்யும். ரிப்பேருன்னு சொல்லிடலாம். ஊரு பயக்கத்துல வந்துடும்."

யோசிப்பதுபோல் நடித்தேன். "சரி" என்று சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மனைவி சமையலறை வாசலில் உட்கார்ந்து நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மச்சான் படியிறங்கிப் போனதும், "யோவ்" என்றாள்.

"இன்னா?"

"ஆள புடிச்சி ஒக்கார வெச்சிட்டு இன்னா படம் காட்ற நீ?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது. கூடம் போயிடும்."

"ஆறு வருசத்துல ஒன் படம் ஒண்ணு நான் பாத்துகீறேனா?"

"ஒனக்குதான் சினிமா புடிக்காதே."

"யார் சொன்னா?"

யோசித்தேன். யாரும் சொல்லவில்லை.

"நம்ம வூட்டுக்கு ஒரு தலை. அது என் தம்பி. ஊர்க்கூட்டத்துல பொம்பள போயி எங்க ஒக்கார்றது? வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாலே 'இன்னா இங்க'ன்னு கேப்பாங்க. மீன் வித்துட்டு வரசொல்லோ துணிக்கு வெளிய நின்னு சத்தம் மட்டும் கேட்டுட்டு வந்திருக்கோம். நானு, பக்கத்து வூட்டு அக்கா, எல்லாரும்."

"இத கூட்டம்னு நெனச்சிதான் வர்றாங்கன்னு எனக்கே தெரியாதே. ஒனக்குத் தெரியும்ல, ஏன் சொல்லல?"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் ஊர புடிச்சி ஒக்கார வெக்கிறன்னு நெனச்சேன்." நண்டின் காலை ஒடித்துத் தட்டில் போட்டாள். "அதான் ஒன்னும் கேக்கல."

ஆறு வருடம் நான் அவளை மன்னித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். படியிறங்கிப் போய், ஆட்டோவில் ஏறப்போன மச்சானைப் பிடித்தேன். ஒயரை அவனே மறுபடி மாட்டினான். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் மாட்டினான் என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு குத்துப்பாட்டைச் சத்தமாகப் போட்டான். மூன்று தெரு தள்ளி எனக்குக் கேட்டது. "நாளைக்கி மூணு மணிக்கி வலைக்கூடத்துல படம் போடறாங்க. வரணும்னு கட்டாயம் இல்ல. இஷ்டம் இருந்தா வாங்க. பேரு எழுத மாட்டாங்க." கடைசி வரி அவனாகச் சேர்த்தது.

மறுநாள் இரண்டே முக்காலுக்குத் தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மூன்று மணிக்கு ஒருவரும் இல்லை. எதிரே நிறுத்தியிருந்த டிரெய்லரின் நிழலில் நாற்பது ஐம்பது ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடமாக அசையாமல் என் படங்களைப் பார்த்தவர்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். நானும் ஆட்டினேன். அவர் முகத்தில் விடுதலையான கைதியின் நிம்மதி இருந்தது, அதில் பகை ஒன்றும் இல்லை. மூன்று பத்துக்குக் கால் உடைந்த அண்ணன், கால் சரியாகி, தானாக நடந்து வந்தார். "பலகை தேடிகினு போனானே ஒருத்தன், அந்த மாதிரி படம் கீதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அதற்காகவே ஒரு கோட்டை அழுத்திப் போட்டேன். அவருக்குப் பின்னால் மச்சான். மூன்று இருபதுக்குள் ஒன்பது ஆண்கள். தலைவர் விரலை மடக்கி வைத்திருந்தார்.

மூன்றரைக்கு, தடை இல்லாத நாட்டுப்படகு மீனை விற்றுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். கூடைகளை வெளியே சுவரோரம் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள். என்னைப் பார்த்து, "மாப்ளே, டிக்கெட்டு உண்டா?" "ஏசி போட்டுகீறியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்கள். கடைசியில் என் மனைவி வந்தாள். என்னை யாரோ வாயிற்காப்பாளன் மாதிரி தாண்டிப் போனாள்.

முதல் படம், நெட்டுக்குப்பம் பக்கத்துக் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அரை மணி நேரம். ஆறு வருடமாக முடிச்சுச் சத்தம் மட்டும் கேட்ட கூடத்தில் அன்று ஒரு நிமிடம் அமைதி இல்லை. "அங்க கால் வெக்காதடி, சேறு." "ரெண்டு மணி நேரம் நின்னு இத்தினியூண்டுதான் கெடச்சிதா?" "அந்தப் பொடவ எங்க எடுத்தா கேளு." திரையில் அவள் கரையேறிப் பாதத்தைத் துடைத்தபோது, வெடிப்பில் சாம்பல் ஒட்டியிருந்தது. அப்போது ஒரு குரல் மட்டும், "எண்ணெ வெக்கணும்" என்றது. என் மனைவியின் குரல் மாதிரி இருந்தது. இருட்டில் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

படம் முடிந்து முதல் பெயர் திரையில் வந்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தண்ணீர் லாரி வரும் நேரம். கூடைகளை எடுத்துக்கொண்டு, சேற்றைப் பற்றியும் புடவையைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார்கள். மீதிப் பெயர்கள் வெறும் தரைக்கு ஓடின.

தலைவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். "ஒம்பது தலை மாப்ளே."

"தலைவரே, உள்ள நாப்பத்தியொரு பேரு இருந்தாங்க."

"பொம்பளைங்கள வூட்டுத் தலைன்னு ஊர்ல கணக்கு இல்ல. அது ஒனக்கும் இப்ப தெரியும்." இரண்டடி போய்த் திரும்பினார். "படம் நல்லா இருந்துச்சி. எம் பொண்டாட்டி கூட வந்தா" என்றார்.

எல்லாரையும் தலையாகவே கணக்கு வைத்தாலும் நாற்பத்தொன்று அறுபது ஆகாது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும். எனக்குக் களைப்பாக இருந்தது. தோஸ்தும் நானும் கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்தோம்.

அன்று நாற்பத்தொரு பேர் தாங்களாக வந்தார்கள். அதில் முப்பத்திரண்டு பேர் பெண்கள், ஒருத்தி என் மனைவி. வலைக்கூடத்தில் இப்போது எஞ்சின்கள் இருக்கின்றன.